ஐந்தாவது ஆள்

அன்பு சலீம் அண்ணாவுக்கு,

உங்கள் மைக் சத்தம் கேட்காத உக்கடத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. கலவரத்துக்குப் போட்ட ஊரடங்கை எடுத்துவிட்டார்கள், கடைகளும் திறந்துவிட்டன. நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, யாரும் சொல்லித்தராமல் நோண்டி நோண்டியே கற்று, உங்களுக்காக ஒரு இணையப் பக்கம் செய்துவிட்டேன். ‘ஆட்டோவில் மைக் கட்டி ஊரைக் கூப்பிட்ட சலீமின் குரலைக் கேட்டவர்கள் ஒரு வரி எழுதுங்கள்’ என்று போட்டேன். யாரும் எழுதவில்லை. பார்த்தவர்கள் முப்பத்தொன்று என்று காட்டுகிறது. அதில் முப்பது நான்தான். அந்த இன்னொருவர் யாருங்க அண்ணா?

என் வயதுக்காரர்கள் நடிகர்களுக்கு மன்றம் வைத்தபோது உங்கள் ஆட்டோவுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்த ரசிகன் நான். பிறகு உங்களுக்கு அறிவிப்பு எழுதித் தரும் ஆளாகவும் ஆனேன். முதலில் எழுதியது கண் சிகிச்சை முகாமுக்கு. ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்’ என்று எழுதியிருந்தேன். ஆட்டோவை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

“ஏங்கண்ணு, பார்வை மங்குன பெரியவங்கள அலைகடலாட்டம் வரச்சொன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் உழுந்துபோடுவாங்க. திரள்றதெல்லாம் கட்சிக்காரங்களுக்கு. இவங்களக் கைபுடிச்சுக் கூட்டியாங்கன்னு எழுது.”

அதிலிருந்து எந்தக் கூட்டத்துக்கு எந்தச் சொல் என்று தினமும் இதே பேச்சுதான் நமக்கு. சபை என்றால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது. பந்தி என்றால் பக்கத்து இலையையும் பார்த்துக்கொள்வது. ஜமாஅத் என்றால் தோளோடு தோள் ஒட்டி நிற்பது, நடுவில் சந்து இருக்கக் கூடாது.

“அப்ப கும்பல்னா என்னங்கண்ணா?”

“அது தள்ளி நின்னு பாக்கறவன் வெக்கற பேரு கண்ணு.”

ஊரில் கலவரம் வந்தது. நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு போட்ட அதே வாரத்தில் உங்கள் நெஞ்சுத் துடிப்பும் நின்றுபோனது.

சந்தூக்கில் உங்கள் உடலைத் தூக்கி வந்தபோது நான் தெருமுனையில் நின்றிருந்தேன். தூக்குகிறவர் பத்தடி நடப்பதற்குள் அடுத்தவர் வந்து தோள் மாற்றுவதுதான் உங்களவர்கள் வழக்கம், எல்லோரும் அதில் பங்கு கேட்பார்கள். அன்று மாற்ற ஆளில்லை. முன்னால் வந்த உங்கள் தம்பி ரபீக்குக்குத் தோள் நடுங்கியது. எதிரே ஒரு போலீஸ்காரர் நின்றார், அவர் யாரையும் தடுக்கவில்லை. நானேதான் எண்ணினேன். தூக்குகிறவர்கள் நாலு பேர், நான் ஐந்து. எண்ணிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன்.

போன வாரம் துபாய்க்கு ஈமெயில் அனுப்ப ரபீக் எங்கள் சென்டருக்கு வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஏனுங்க, அன்னிக்கு முனையில உங்களப் பாத்தனுங்களே. அப்பறம் ஊட்டுப் பக்கமே காணமுங்க?”

“நாலு பேருக்கு மேல கூடாதுன்னு...”

“எனக்குத் தோள் உட்டுப்போச்சுங்க. அந்தப் போலீஸ்காரருதான் தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வெச்சுட்டு ஓடிவந்து புடிச்சாரு. கபர்ஸ்தான்ல அடக்கம் பண்ற வரைக்கும் கூடவே இருந்தாருங்க.”

ஊரையே கூப்பிட்ட உங்களுக்கு ஐந்தாவது ஆளாக வந்தவர் யாரோ ஒருவர். அது என் இடம். தள்ளி நின்று பார்த்த எனக்கு உங்களைத் தூக்கி வந்த நாலு பேரும் என்னவாகத் தெரிந்தார்கள்? கும்பலாகவா?

இணையத்தில் ஆள் சேரும் என்று இனி காத்திருக்கப் போவதில்லை. நாளைக்கு உங்கள் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் இதையெல்லாம் சொல்வேன். வெள்ளிக்கிழமை ரபீக்கிடம் உங்கள் மைக்கைக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் கட்டி, தெருத் தெருவாகப் போவேன். அறிவிப்பும் எழுதிவிட்டேன்: ‘சலீமைத் தெரிஞ்சவங்க எல்லாம் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் கபர்ஸ்தான் வாசலுக்கு வாங்க. பக்கத்துல இருக்கறவங்களையும் கைபுடிச்சுக் கூட்டியாங்க.’

என் குரல் உங்கள் குரல் மாதிரி இருக்காது, கீச்சென்றுதான் இருக்கும். யாருமே வராமலும் போகலாம். நான் நிற்பேன் அண்ணா. யாராவது வந்தால் அவர்களோடு தோள் ஒட்டி நிற்பேன், நான் எத்தனையாவது ஆள் என்று எண்ண மாட்டேன்.

அன்று தோள் கொடுக்காத உங்கள் தம்பி,
குமார்