இடப்பக்கத்துக் கடைசி இரண்டு கம்பிகள்

பார்மா, ஓஹையோ
20 பிப்ரவரி 1994

அன்புள்ள ஒடெஸ்ஸா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆகவே இந்த முறை கேட்கப் போவதில்லை. உன் மகள் லவெர்ன் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பக்கவாதம் லேசானதுதானாம். பேச்சு திரும்பிவிட்டதாம். வலது கைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லையாம். நீ அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாயாம், கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்புகிறாயாம். நான் எதுவும் சொல்லவில்லை. ஃபோர்டு என்ஜின் ஆலையில் பத்தொன்பது வருஷம், என்ஜினின் வலப்பக்கத்தில் நீயும் இடப்பக்கத்தில் நானும் பிளக் கம்பி மாட்ட, உன் எதிரில் நின்று வேலை பார்த்தவள் நான். உன்னிடம் அறிவுரை எடுபடாது என்று எனக்குத் தெரியாதா?

இங்கே என் வீட்டுக்காரரும் நானும் சுகம், எமிலின் கண்களையும் என் கோபத்தையும் தவிர.

கோபத்தின் கதையைச் சொல்கிறேன். எமிலின் மாடல் கார்களை நீ பார்த்திருக்கிறாய். பெட்டிக்குள் துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, தேய்த்து, சாயம் பூசி, ஒரு சாண் நீளத்தில் பழைய காலத்துக் கார்களைச் செய்கிற அந்தப் பைத்தியம். ஆறு வருஷமாக அவற்றைச் செய்வது நான் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு நடுப்பார்வை போய்விட்டது. ஓரக்கண்ணால் ஆள் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். நான் செய்வேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரல் நுனியால் தடவிப் பார்த்து, "கதவுக்கிட்ட ஒரு தூசி நிக்குது பெர்னி" என்பார். அவர் சொன்ன இடத்தில் தூசி இருக்கும். இந்த ஆறு வருஷத்தில் மாடல் கார் சங்கத்துப் போட்டியில் நாலு கோப்பை வாங்கினோம். நாலிலும் அவர் பெயர். சத்தியமாக நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

போன மார்ச்சில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தலைமை நடுவர் கோர்டன் ப்ளெவின்ஸ், நம் ஃபோர்டுக்கு எதிரிக் கம்பெனியான செவ்ரோலேயின் தொப்பியைத் தூங்கும்போதும் கழற்றாத மனிதர், கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்து, "இந்தப் பசை நாத்தத்தையும் பொறுத்துக்கிட்டு குடும்பம் நடத்துறியேம்மா, கோப்பைய உனக்குத்தான் குடுக்கணும்" என்றார். கூடமே சிரித்தது. எமிலும் சேர்ந்து சிரித்தார்.

ஒன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. பத்தாம் நாள் வாயைத் திறந்து, அடுத்த போட்டிக்கு என் பெயரில்தான் கார் போகும் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. "அப்போ பழைய கோப்பையெல்லாம் யாரு செஞ்சதுன்னு கேப்பாங்களே பெர்னி" என்றார். "கேக்கட்டும்" என்றேன். அன்றிலிருந்து வீட்டில் ஒரு மாதிரி அமைதி. நானும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு தடவையாவது மேசை மேல் இருக்கிற அட்டையில் என் பெயர் இருக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

இந்த முறை ஃபோர்டு கம்பெனியின் 1964 காமெட் காரை எடுத்திருக்கிறேன். அதில் நம்முடைய என்ஜின்தானே இருக்கிறது! கரும்பச்சைச் சாயம். ஆப்பிள் உலர்த்துகிற பெட்டியில் வைத்து உலர்த்தினேன். அதற்குப் பிறகு அதில் போட்ட ஆப்பிள் வற்றலை எமில் வாயில் போட்ட வேகத்தில் துப்பினார். பற்பசை தேய்த்து மெருகேற்றியிருக்கிறேன். முகம் பார்க்கலாம்.

இப்போது ஒரு சிக்கல். ஊசித் துளை போட்டு, முடி போன்ற கம்பிகளால் எட்டு ஸ்பார்க் பிளக்குக்கும் இணைப்புக் கொடுத்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கத்து நாலையும் என் கை தானாகவே முடித்துவிட்டது. வலப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. அது உன் பக்கம் அல்லவா? மேசையைச் சுற்றிப் போய் நீ நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். கண்ணை மூடியும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. புத்தகத்தில் படம் இருக்கிறது. எந்தக் கம்பி எந்த பிளக்குக்கு என்று அது சொல்கிறது. எது மேலே, எது அடியில் நுழைந்து போகும் என்று சொல்லவில்லை. கோர்டன் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

உன் நாலு கம்பிகளும் எப்படிப் போகும் ஒடெஸ்ஸா? எழுத முடியாவிட்டால் லவெர்னிடம் சொல்லி அனுப்பு. போட்டி மார்ச் 19.

அன்புடன்,
பெர்னடீன் ஹ்ரோவாட்


பார்மா, ஓஹையோ
21 மார்ச் 1994

என் அன்பு ஒடெஸ்ஸா,

ஜெயித்துவிட்டேன்! நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. கூடத்தில் இருந்த நூற்றுப் பதினோரு கார்களிலும் முதல் கார் நம் காமெட்.

நீ வியாழக்கிழமை போன் செய்தாய். மூன்று மாதத்தில் முதல் தடவை. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "முன்னாடி ரெண்டும் மேல. மூணாவது அதுக்கு அடியில பூந்து போகும். நாலாவது தனியா, சூடு படாம தள்ளி நிக்கும். எழுதிக்கிட்டியாடி?" என்றாய். ஆமாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். யார் என்று எமில் கேட்டார். "வலப்பக்கம்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று மத்தியானமே நாலையும் மாட்டினேன்.

சனிக்கிழமை காலை தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் காரைக் கொண்டுபோய் வைத்தேன். அட்டையில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். எமில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் அட்டையைப் படித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன எமில், வீட்டம்மாவுக்குக் குடுத்துட்டியா?" என்று ஒருவர் கேட்டார். அவர் பொத்தானை இன்னும் ஒரு சுற்றுத் திருகினார்.

கோர்டன் பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரிக் குட்டிக் கண்ணாடியும் டார்ச்சுமாக வந்தார். கூட இன்னும் இரண்டு நடுவர்கள். வெகுநேரம் பார்த்தார்கள், என் காமெட்டை முதல் இடத்துக்கு நகர்த்தினார்கள். நான் பியெரோகிக் கொழுக்கட்டை விற்கிற இடத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் என் காமெட்டை முதல் இடத்திலிருந்து எடுத்து மூன்றாவது இடத்தில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் மதிப்பெண் தாள். சாயம் மிக நன்று. ஒட்டு மிக நன்று. என்ஜினில் மட்டும், "இடப்பக்கத்துக் கடைசி இரண்டு கம்பிகள் இடம் மாறியுள்ளன."

இடப்பக்கம், ஒடெஸ்ஸா! என் பக்கம்! உன் பக்கத்தில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பத்தொன்பது வருஷம் நான் மாட்டிய பக்கத்தில் தப்பாம்.

நான் முகம் சிவந்து நிற்பதைப் பார்த்து கோர்டன் பக்கத்தில் வந்தார். தோளைத் தட்டாத குறை. "எமில் கையால பண்ணியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காதும்மா. பரவால்ல, முதல் தடவைதானே" என்றார்.

"தப்பில்ல" என்றேன்.

"நாப்பது வருஷமா என்ஜினப் பாக்குறேன்மா."

"உங்க செவ்ரோலே என்ஜினப் பாத்திருப்பீங்க. இது ஃபோர்டு வீட்டுப் புள்ள" என்றேன். பக்கத்தில் இருந்த ஃபோர்டு ஆட்கள் கைதட்டினார்கள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "அப்படியா? ஃபாதரோட மஸ்டாங்லயும் இதே என்ஜின்தான். மூணு வாரத்துக்கு முன்னாடி நானே என் கையால புதுக் கம்பி மாட்டினேன். வெளியில வா, கண்ணால பாத்துக்கலாம்" என்றார்.

அந்த மஸ்டாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தேவாலயத்து ஃபாதர் ஸ்டானிஸ்லாவ் வைத்திருக்கிற சிவப்பு ஃபோர்டு வண்டி. மூன்று வாரமாக அது தெருமுனையில் வரும்போதே இருமும், துப்பும். அந்தச் சத்தம் கேட்டதும் பூசைக்கு எழுந்து நின்றுவிடுகிறோம். ஏன் இப்படி ஆயிற்று என்று ஃபாதர் கேட்டதற்கு, கார்புரேட்டர் கோளாறு என்று சொன்னவரும் கோர்டன்தான். அவர் கம்பி மாட்டியதையும் இந்த இருமலையும் நான் அதுவரை முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை. அவர் வாயாலேயே மூன்று வாரம் என்று கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது.

கூடம் காலியானது. அறுபது பேர் இருக்கும், உருகின பனிச் சேற்றில் வண்டியைச் சுற்றி நின்றோம். எமில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூடியைத் தூக்கினார்கள். கோர்டன் டார்ச்சை அடித்து, "பாத்துக்கோ. நான் சொன்ன மாதிரியே இருக்கா இல்லையா?" என்றார். அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. என் காமெட்டில் இருப்பதற்கு நேர் எதிராக. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எமிலின் பிடி தளர்ந்தது. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது ஒடெஸ்ஸா, உன்னிடம் மறைப்பானேன்.

ஆனால் என் கைக்குச் சந்தேகம் வரவில்லை. "ஃபாதர், வண்டியக் கிளப்புங்க" என்றேன். கிளப்பினார். வண்டி குலுங்கியது, இருமியது, பின்னால் ஒரு வெடி போட்டது. "அது கார்புரேட்டர்" என்றார் கோர்டன். "நிறுத்துங்க ஃபாதர்" என்றேன். குனிந்தேன். அந்த இரண்டு கம்பிகளையும் பிடுங்கி இடம் மாற்றி அழுத்தினேன். ஒரு என்ஜினுக்கு நமக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியுமே, அதில் பாதிகூட ஆகவில்லை. "இப்பக் கிளப்புங்க" என்றேன்.

சீராக ஓடியது! இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. ஃபாதர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "மூணு வாரமா இதுக்குத்தான்யா ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்!" என்று கத்தினார். ஜனங்கள் போட்ட கூச்சலில் கொழுக்கட்டை விற்கிற பெண்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

கோர்டன் குனிந்து அந்த இரண்டு கம்பிகளையும் டார்ச்சில் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். "சரி. கம்பி சரிதான். எமில் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாலு கோப்பையின் கதையும் வெளியே வந்துவிடும். அது என் வாயிலிருந்து வரக்கூடாது.

எமில் என் முழங்கையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தார். "நான் சொல்லிக் குடுத்தேனா? என் கண்ணு போயி ஆறு வருஷம் ஆச்சு கோர்டன். உன் மூஞ்சிய ஒழுங்காப் பாத்தே ஆறு வருஷம் ஆச்சு, அதுல எனக்கு வருத்தம் இல்ல. அந்தக் காரெல்லாம் இவ பண்ணது. நாலும். நான் பக்கத்துல உக்காந்து தடவிப் பாத்தேன். மத்தபடி பேரு மட்டும் என்னுது. போன வருஷம் நீ இவளப் பாத்துச் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன் பாரு, அதுதான் நான் பண்ண தப்பு" என்றார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கோப்பையில பேர மாத்தி வெட்டுற ஆளு யாராவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா" என்றார்.

ஆலையில் கடைசி நாளன்றுகூட அழாதவள், மஸ்டாங்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

மாலையில் முதல் பரிசை வாசித்தவர் கோர்டன். "பெர்னடீன் ஹ்ரோவாட்" என்று ஒரு எழுத்து விடாமல், திருத்தமாக வாசித்தார். சங்கத்து ஆட்கள் அந்த நாலு கோப்பைகளையும் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர் வெட்டுகிற ஆளின் முகவரியை மட்டும் மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது கோர்டன் பின்னாலேயே வந்து, "என் செவ்ரோலேலயும் ஒரு தட்டுற சத்தம் கேக்குது. வந்து பாப்பியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "பாக்குறேன். அப்புறம் கையக் கழுவிக்கிறேன்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார்.

பரிசு வாங்கும்போது இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். "இடப்பக்கம் நான் மாட்டினது. வலப்பக்கம் அலபாமாவில் மோபீல் ஊரில் இருக்கிற ஒடெஸ்ஸா டாலிவர் மாட்டினது" என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் திரும்பித் திரும்பி உன்னைத் தேடினார்கள்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அடுத்த மார்ச் போட்டிக்கான விண்ணப்பம். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற பிரிவு ஒன்று இருக்கிறது. முதல் கோட்டில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாவது கோடு உனக்கு. வலது கையால்தான் போட வேண்டும். இது சங்கத்து விதி இல்லை, என் விதி. கோணலாக இருந்தாலும் சரி, கோட்டை விட்டு வெளியே ஓடினாலும் சரி. வருகிற பிப்ரவரிக்குள் அனுப்பினால் போதும், அவசரமில்லை. அந்தப் பயிற்சிப் பெண்ணை மட்டும் நாளைக்கு உள்ளே விடு.

காரை நான் தொடங்கிவிடுவேன். அதன் மேற்கூட்டைத் தேய்ப்பேன், சாயம் பூசுவேன், எமில் தடவிப் பார்ப்பார். என் பக்கத்து நாலு கம்பிகளையும் மாட்டிவிடுவேன். உன் பக்கத்தில் துளை மட்டும் போட்டு வைப்பேன். இப்போது எனக்கு அது தெரியும், நீதான் சொல்லிவிட்டாயே. ஆனாலும் மாட்ட மாட்டேன் ஒடெஸ்ஸா. நீ வருகிறவரை அந்த நாலு துளைகளும் அப்படியே இருக்கும்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். நான் விடப்போவதில்லை.

என்றும் உன் எதிரில் நிற்கும்,
பெர்னடீன்