கால் டேங்க் பெட்ரோல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாம் படுத்து, சமைத்து ஊர் சுற்றும் இந்த வீட்டு வண்டியின் ஜெனரேட்டர் இப்போது ஓடுகிறது. வயரில் கோளாறே இல்லை. ஜெனரேட்டருக்கும் வண்டி டேங்க்கிலிருந்துதான் பெட்ரோல்; அது கால்வாசிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் நின்றுவிடும். ஊர் திரும்ப வண்டிக்கு மிச்சம் வேண்டுமென்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

"பெட்ரோல் போட்டுப் பாருங்க" என்று ஜெனரேட்டர் நின்ற அன்றைக்கே சொன்னேன். "வண்டி ஓடுதில்ல? கரண்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்? வாயை மூடு" என்றீர்கள், பாப்பா எதிரிலேயே. இன்று நானே கேனில் வாங்கி வந்து ஊற்றினேன்.

ரிலே, ஃபியூஸ், ஸ்விட்ச் என்று நீங்கள் மாற்றிப் போட்ட பழையதெல்லாம் என் படுக்கையில் கிடக்கிறது. இனி அங்கேயே கிடக்கட்டும்.

சாப்பாடு அடுப்பின் மேல். சாவி டிரைவர் சீட்டில்.

பி.கு.: பாப்பாவோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட வராதீர்கள். நானும் அந்த ஜெனரேட்டர் மாதிரிதான். திரும்பிப் போக மிச்சம் இருக்கும்போதே நின்றுவிட்டேன்.