ஏரோப்ளேன் எண்ணெய்

8-10-79
வாடிப்பட்டி வயல்களில் புகையான் பூச்சி நெல்லைத் தீய்க்கிறது. விமானத்தில் மருந்து தெளிக்கப் போகிறோம். வேளாண்மைத் துறையில் இந்த வேலையும் என் தலையில்தான். ஓட்ட வருகிறவன் விஸ்வேஸ்வரன். காலேஜில் என்னோடு படித்தவன். விமானப் பயிற்சிக்கு இருவரும் மனுப் போட்டோம். அவனை எடுத்தார்கள். என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து என்னைத் திருப்பி அனுப்பினார்கள். பதினெட்டு வருஷம். மறக்கவில்லை.

9-10-79
வந்துவிட்டான். "என்னடா ஹாலாஸ்யம், தலையெல்லாம் கொட்டிப் போச்சு!" முதல் வார்த்தையே இது.

10-10-79
இன்று பறந்திருக்க வேண்டும். மேலதிகாரி சுப்பராமன் வயலில் விவசாயிகளோடு காத்திருந்தார். பெட்ரோல் தொட்டி நிரப்பியாயிற்று, பார்வைக்கு விமானப் பெட்ரோலுக்கே உரிய பச்சை நிறம்தான். விஸ்வேஸ்வரன் ஏறவில்லை. அடியிலிருந்து கொஞ்சம் தம்ளரில் பிடித்து முகர்ந்தான். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டான்.

"படம் காட்டாதே. ஜனங்க நிக்கறா. ஏறுடா" என்றேன்.

"பெட்ரோல்னா காஞ்சு மறைஞ்சிருக்கணும். பாரு, அப்பளம் வச்ச காகிதம் மாதிரி இருக்கு."

பீப்பாய் கொண்டுவந்த மலையாண்டியைக் கூப்பிட்டேன். "ஏரோப்ளேன் எண்ணெய்னுதான சார் சொன்னீக? பெரிய ப்ளேனுக்கே இதத்தான் ஊத்துறாக. குட்டிக்கு ஆகாதாக்கும்?"

பெரிய விமானம் குடிப்பது மண்ணெண்ணெய் ஜாதி. இதற்கு வேண்டியது பெட்ரோல். தொட்டியில் மிச்சமிருந்த பழைய பெட்ரோல்தான் பச்சை காட்டியிருக்கிறது.

"ஸ்டார்ட் ஆகியிருக்குமா?" என்று விஸ்வேஸ்வரனைக் கேட்டேன்.

"ஜம்முனு ஆகும். குழாயில நேத்திய பெட்ரோல் இருக்கே. மேலே ஏறினப்புறம்தான் நிக்கும்."

ஓடுபாதைக்கு அப்பால் வீடுகள். நான் என்னடான்னா ஏறுடா ஏறுடான்னு — சே!

மலையாண்டியை அவன் திட்டவில்லை. "எண்ணெய்னு கேட்டா எண்ணெய்தானேடா வரும்" என்று சிரித்தான். தொட்டி, குழாய், வடிகட்டி எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்ய உட்கார்ந்தான். வயலில் அதிகாரி காத்திருக்கிறார் என்று ஒரு திருகைக்கூட அவசரமாகத் திருப்பவில்லை. எனக்கு அந்த நெஞ்சுரம் வராது.

11-10-79
சுப்பராமன் கத்தினார். "பைலட் வேணும்னே இழுத்தடிச்சான்னு எழுதிக் குடும். இனி வேற ஆளைப் பார்ப்போம். உம்ம ப்ரமோஷன் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கும்."

பழைய கணக்கைத் தீர்க்க இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது? ஆனால் கை வரவில்லை.

"அவன் நேத்து ஏறியிருந்தா, இன்னிக்கு நீங்க மலர்வளையம் வாங்க ஆள் அனுப்பிண்டிருப்பேள் சார்" என்றேன். ப்ரமோஷன் போயிற்று. போகட்டும்.

12-10-79
வேறு பைலட் உடனே கிடைக்கவில்லை. விஸ்வேஸ்வரனே பறந்தான். பயிரின் தலையை உரசுகிற மாதிரி இறங்கி, தென்னந்தோப்புக்கு முன்னால் சட்டென்று எழும்பினான். எப்பேர்ப்பட்ட கை!

வரப்பில் நின்ற ஒருவர் கேட்டார்: "ஓட்டுறது யாரு சார்?"

"என் சிநேகிதன்" என்றேன்.