திருவனந்தபுரத்துக்குப் போகாத உறை

ஒருநாளும் என்னை அதட்டிக் கூப்பிடாத என் ஐயாவுக்கு,

அண்ணன் பி.ஏ. தேறிவிட்டான். பாளையங்கோட்டையிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவன், வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் உங்கள் வரப்பில் போய் நின்றுவிட்டு வந்தான். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும் அந்த வரப்பு வழக்கு கோவில்பட்டி கோர்ட்டில் அப்படியே கிடக்கிறது.

வக்கீலுக்குப் படிக்கப்போகிறேன் என்று அவன் சொன்னபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கோர்ட்டில் இங்கிலீஷில் என்ன பேசினார்கள் என்று தெரியாமல் திரும்பி வந்து, சோற்றைப் பிசைந்தபடியே நீங்கள் உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோமே. ஒருமுறை உங்கள் மனுவில் கைநாட்டு இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "என் பெருவிரலு இல்லாம காயிதம் நொண்டிக்கிட்டே திரும்பி வந்துட்டு" என்று சிரித்தீர்கள். அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எங்கே படிப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. அண்ணன் விசாரித்த வரையில் நம் ராஜ்யத்தில் சட்டக் கல்லூரி என்றால் மெட்ராஸில் இருப்பதுதான். நம் கோர்ட்டில் நிற்கப்போகிறவனுக்கு அதுதான் தோது என்றான். அம்மாவுக்கு மெட்ராஸ் என்றாலே பயம். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? திருவனந்தபுரம் வேறு ராஜ்யமானாலும் அங்கே மாமா இருக்கிறார், மளிகைக் கடை இருக்கிறது, வேளைக்குச் சோறு இருக்கிறது. அந்த ஊர்க் கல்லூரியின் மனுப் படிவத்தை மாமாவே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்தவர் வெற்றிலை போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "மருமகன் எங்க வீட்டுல இருந்து படிக்கட்டும். புள்ள எங்க வீட்டுக்கு விளக்கேத்த வரட்டும்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சந்தோஷம்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா மகன் கெட்டவர் இல்லை ஐயா. ஆனாலும் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. ஏழாம் வகுப்போடு நிறுத்தினீர்களே, அப்போது "எட்டாம் வகுப்புப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுது" என்று சொன்னீர்கள். நினைவிருக்கிறதா? அந்தப் புத்தகங்களை நான் இன்னும் எடைக்குப் போடவில்லை. இதை யாரிடம் சொல்வது? கடையில் உப்புக் கேட்கவே எனக்கு வாய் வராது.

அண்ணன் இரண்டு மனுவையும் எழுதினான். போட்டோவுக்குப் பின்னால் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டியது நான்தான். மெட்ராஸ் மனுவோடு தாசில்தார் சான்றையும் வைத்து, கோவில்பட்டிக்கு நடந்தே போய் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு வந்தான். மற்ற உறையை என்னிடம் தந்து, பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் தபால் பெட்டியில் போட்டுவிடச் சொன்னான்.

பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். அண்ணன் மாமா வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்தால் நான் அந்த வீட்டுக்குப் போய்த்தானே ஆகவேண்டும். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். உறையைப் பாவாடை மடிப்புக்குள் செருகித் திரும்பிக் கொண்டுவந்து, கம்பு கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் புதைத்துவிட்டேன். அம்மா கேட்டதற்குப் போட்டாச்சு என்று தலையாட்டினேன். உங்கள் மகள் செய்த காரியம் இதுதான் ஐயா.

அதற்குப் பிறகு பட்டபாடு எனக்குத்தான் தெரியும். கம்பு அள்ளப் போகும்போதெல்லாம் உறையை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டு வந்தேன். திருவனந்தபுரத்துக்கு மனுப் போட வேண்டிய கெடு முடிந்துபோயிற்று. மெட்ராஸிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையிலேயே அண்ணனைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போவார். என் ஒருத்தியின் பயத்துக்காக அவன் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காட்டில் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவனிடம் சொல்லிவிட்டேன். கரிசல் வெடிப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"வீட்டுக்குப் போயி அத எடுத்துப் பிரிச்சுப் பாரு" என்றான்.

பிரித்தேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் கையெழுத்துப் போடும் இடம் எது என்று யாருக்கும் தெரியும். அந்தக் கோட்டின் மேல் ஒன்றுமில்லை.

"கையெழுத்தே போடலையே அண்ணே?" என்று அவன் வீடு திரும்பியதும் கேட்டேன்.

"ஏட்டி, பேனாவுல மை தீந்துட்டு."

மனு எழுதிய மறுநாள் அதே பேனாவால் மாமாவுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினானே? மெட்ராஸுக்கு மட்டும் ரிஜிஸ்தர் செய்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவிடமும் அம்மாவிடமும் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை போலும். நான்தான் கூச்சக்காரி என்று ஊரெல்லாம் சொல்கிறது. அவனை யார் கண்டது?

போன வாரம் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது ஐயா. சேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு ரயில். டிரங்குப் பெட்டியில் உங்கள் வழக்குக் காகிதங்களையும் கட்டி வைத்துக்கொண்டான்.

ஆனால் என் காரியம் முடியவில்லை. படிப்பு மெட்ராஸ் என்றால் என்ன, பெண் கேட்டது கேட்டதுதானே என்று மாமா அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாராம். அம்மா பலகாரத்துக்கு அரிசி ஊறப்போடப் போகிறாள். திருவனந்தபுரத்திலிருந்து பதில் வரவில்லை என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள், பாவம். மாமாவிடம் பேசிவிட்டுப் போகட்டுமா என்று அண்ணன் கேட்டான். அவன் ரயிலை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் அம்மாவிடம் அந்த உறையைக் கொடுத்து நடந்ததைச் சொல்லிவிடுவேன். மாமா வந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவேன். பரீட்சை எழுதப்போகிறேன், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று அவர் காதில் விழும்படி சொல்வேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன் ஐயா. இது திரும்பி வராது.

உங்கள் இளைய பிள்ளை,
கோமதி