மூக்கண்டப்பள்ளிக் கிணறும் டிக்பாய்க் கடிதமும்

மூக்கண்டப்பள்ளி,
19-3-1957

சிரஞ்சீவி முனிவேலுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, இரண்டு எருதுகள், புது ஆயில் எஞ்சின் எல்லோரும் சௌக்கியம். அந்த டிக்பாய் எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே, அஸ்ஸாம் மழையில் அட்டைக்கடி இல்லாமல் நீயும் சௌக்கியமாக இருப்பதாக உடனே எழுது. இனி சொல்லப்போவதை ஊரில் யாராவது உனக்கு எழுதிவிடுவார்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். போன வாரம் திங்கட்கிழமை பட்டப்பகலில் உன் அப்பன் வெறும் கோவணத்தோடு நம் கிணற்றுக்குள் நின்றான், மேலிருந்து நாலைந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் பெல்ட் என் வேட்டியைக் கவ்வி உருவிக்கொண்டது, நல்லவேளை வேட்டியோடு விட்டது. களையெடுத்த பெண்கள் வரப்பில் வருவது தெரிந்ததும், கழுத்தளவு தண்ணீரில் மறைந்துகொள்ளலாம் என்று படியில் ஓடி இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எஞ்சின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் மிச்சம் வைக்கவில்லை என்று. கிணற்றில் பாதிப் பங்குள்ள திம்மராயனின் மனைவி நாராயணம்மா, “அண்ணா, கெணத்துல எதுனா உழுந்துடுச்சா?” என்று அக்கறையாகக் கேட்டாள். மானம் விழுந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பெண்கள் சிரித்து அடங்கியதும் மேலே ஏறி வயலைப் பார்த்தேன். ஒரு ஏக்கர் ராகி கதிர் பிடிக்கிற சமயம், ஒரு வாரத்துக்குள் நிலம் முழுதும் நனையாவிட்டால் கதிரெல்லாம் பதர்தான், வருஷம் முழுக்கக் களிக்கு வழியில்லை. தண்ணீர் முறைதான் உனக்குத் தெரியுமே, விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை திம்மராயன் எருது கட்டிக் கவலைத் தோல்சாலால் தண்ணீர் இறைப்பான், பிறகு பொழுது சாயும் வரை நாம். அரை நாள் முறையில் அள்ளிய மட்டும் லாபம் என்று நான் எஞ்சினைத் தலைதெறிக்க ஓட்டினேன். முக்கால் மணி நேரம் யானைத் துதிக்கை கனத்துக்குக் கொட்டும், அப்புறம் குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டு காசநோய்க்காரன்போல் இருமும். நிறுத்தி, தண்ணீர் ஊறக் காத்திருந்து, குழாய்க்குள் குடம் குடமாக ஊற்றி மறுபடியும் கிளப்புவதற்குள் பொழுது போய்விடும். எருதுகள் இறைத்த காலத்தில் ஏழு பாத்தி நனையும், எஞ்சின் வந்தபின் ஐந்து. திம்மராயன் சும்மா இருப்பானா, “எருதுக்கு வைக்கோலு போட்டா தண்ணி வருது, உன் எஞ்சினுக்கு எண்ணெ ஊத்துனா பொகைதானேப்பா வருது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

போன மாதம் நான் புலம்பி எழுதியதற்கு நீ பதில் எழுதியிருந்தாயே, வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள் என்று, அது எவ்வளவு பெரிய வார்த்தை! புதன்கிழமை எஞ்சின் அரை வேகத்தில் ஓடியது. தண்ணீர் என் மணிக்கட்டுக் கனத்துக்குத்தான் வந்தது. திம்மராயன் வந்து பார்த்து, “இன்னாப்பா, எஞ்சினுக்குக் காய்ச்சலா?” என்றான். நான் பெரிய மனுஷன்போல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். கிணற்றில் தண்ணீர் மூன்று படி இறங்கியது, அதோடு நின்றது. ஒரு இருமல் இல்லை, ஒரு நிறுத்தம் இல்லை. பொழுது சாய்ந்தபோது பதினோரு பாத்தி நனைந்திருந்தது. திம்மராயன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்து, உன் கடிதத்தில் இருந்ததை எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். நம் கிணற்றடிப் பாறை மக்கிய பாறை, தண்ணீர் அதன் பொடித் துளைகளில் நெளிந்துதான் வரவேண்டும். மெதுவாக இழுக்கிற வரைக்கும் இரண்டு மடங்கு இழுத்தால் இரண்டு மடங்கு வரும். ஓர் அளவு தாண்டினால் அந்தக் கணக்குச் செல்லாது. கிணற்றை நெருங்க நெருங்கத் தண்ணீர் சுழன்று ஒன்றை ஒன்று முட்டும், இழுக்கிற பலமெல்லாம் அந்த முட்டலிலேயே கரைந்துபோகும். அவன் முழித்தான். ஓசூரில் பெங்களூர் பஸ் வந்து நிற்கும்போது பார்த்திருக்கிறாயா, ஒவ்வொருவராக ஏறினால் ஐந்து நிமிஷம், எல்லோரும் ஒரே வாசலில் பாய்ந்தால் ஒருத்தனும் உள்ளே போகமாட்டான், கூடையும் குடையும்தான் போகும் என்றேன். உடனே புரிந்துவிட்டது, போன மாதம் அந்த வாசலில்தான் அவன் ஒரு செருப்பைத் தொலைத்தான். இப்போது தன் முறைக்கும் எஞ்சினைக் கேட்கிறான். நேற்றோடு ஒரு ஏக்கரும் நனைந்துவிட்டது, ராகி தலை நிமிர்ந்து நிற்கிறது. எண்ணெய்க் கிணற்றில் என் மகன் கற்றதைத் தண்ணீர்க் கிணற்றில் நான் செய்து காட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சந்தையில் வெற்றிலைக்காரர்கூட “வாங்க இஞ்சினீரு” என்கிறார், நானும் மறுக்கவில்லை.

உன் தங்கை சம்பங்கிக்கு ஏழாம் மாதம், பங்குனிக் கடைசியில் வளைகாப்பு. அங்கே தினமும் மீன்தான் என்று நீ எழுதியதிலிருந்து உன் அம்மா கவலையில் இருக்கிறாள். ராகி மாவு அனுப்பட்டுமா என்கிறாள், போய்ச் சேருவதற்குள் வண்டு தின்றுவிடும் என்றால் என்னை முறைக்கிறாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், வெள்ளைக்கார மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசாதே, நம் வீட்டில் அந்த வழக்கம் ஒருத்தியிடம் இருந்தால் போதும்.

தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், எங்கள் இருவர் ஆயுசையும் சேர்த்து வாழ்வாய். வளைகாப்புக்கு லீவு கேட்க மறக்காதே.

உன் அன்புள்ள அப்பா,
நாராயணப்பன்

பி.கு.: இதை எழுதாமல் உறையை ஒட்டக்கூடாது என்று உன் அம்மா பசையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். புதன்கிழமை எஞ்சினின் வேகக் கம்பி துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டது, கல்லால் அடித்தும் அசையவில்லை. உன் கடிதம் வெள்ளிக்கிழமைத் தபாலில்தான் வந்தது.