குளியல் தொட்டியில் கெண்டை

டிசம்பர் 7, சனி

இன்று வார்சா நகரமே என் சிவப்புக் குடையின் பின்னால் நடந்தது. சரி, ஒன்பது பேர். ஆனால் நான் குடையைத் தூக்கிய தோரணைக்கு ஒரு படையே வந்திருக்க வேண்டும். எல்லாரும் வீகன் பயணிகள்: இறைச்சி, பால், முட்டை, தேன் எதையும் தொடாதவர்கள். வாள் ஏந்திய கடற்கன்னி சிலை முன் நிறுத்தி, "இவள் மீன் சாப்பிட்டால் சொந்தக்காரரைச் சாப்பிட்டது போல ஆகிவிடும். ஆகவே எங்கள் ஊரின் முதல் வீகன் இவள்தான்" என்றேன். சிரித்தார்கள். பொத்தானை அழுத்தினால் பியானோ இசைக்கும் தெருப் பெஞ்சு, பிறகு ஆற்றங்கரை, பிறகு பயறு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை. விடைபெறும்போது கை குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்த பின்னும் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் சூடு இருந்தது.

இந்தச் சுற்றுலா யாகொதாவின் தொழில். என் தங்கை மகள், அவளும் வீகன். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற மாமாவுக்கு ஒரு குடை கொடுத்துத் தெருவில் இறக்கிவிட்டுத் தான் கிராகோவ் போய்விட்டாள். மாலை போன் செய்தேன்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்கு வருவியாம்மா?"

"பாக்கறேன் மாமா."

தங்கை போன வசந்தத்தில் இறந்தாள். அவள் இல்லாத முதல் விருந்து இது. எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருப்பது நானும் இவளும்தான். 'பாக்கறேன்' என்றால் என்ன அர்த்தம்?

டிசம்பர் 10

போன் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியோடு அரசியல் பேசினேன். அதுதான் ஜெயித்தது.

டிசம்பர் 14, சனி

அவள் வந்தால் என்ன சமைப்பது? யோசித்தால் வியப்பு. பீட்ரூட் சூப், காளான் கொழுக்கட்டை, பட்டாணி போட்ட முட்டைக்கோஸ், கசகசா நூடுல்ஸ், உலர்பழக் கஷாயம். போலந்துக்காரர்கள் அந்த ஒரு மாலையில் பல நூற்றாண்டுகளாக வீகன்தான். எந்த அரசனும் பதக்கம் தரவில்லை. தராததற்கு ஒரு காரணம் உண்டு: நடுவில் ஒரு கெண்டை மீன். அதை மட்டும் விட்டுவிட்டால் யாகொதா உட்கார்ந்து சாப்பிடுவாள். விட்டுவிடப் போகிறேன். முடிவு.

டிசம்பர் 19, வியாழன்

நான் ஒரு கழுதை. கழுதைகளின் சக்கரவர்த்தி.

பீட்ரூட் வாங்கத்தான் சந்தைக்குப் போனேன். மீன்காரி பார்த்துவிட்டாள்.

"வாங்க ட்ராம் ஐயா. எப்பவும்போல பெருசுதானே?"

"ஆமா" என்றது வாய். என்னைக் கேட்கவே இல்லை. கை பணத்தை நீட்டிவிட்டது. தண்ணீர்ப் பையில் துள்ளும் உயிரோடு வீட்டுக்கு வந்து, தொட்டியை நிரப்பி, உள்ளே விட்டு, கை துடைத்த பிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் டிசம்பர் வந்தால் குளியல் தொட்டி கெண்டைக்கு, நமக்குக் குளியல் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படியே. ஆனால் யாகொதா வந்து பார்த்தால்? குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அடித்துக் கொல்லவும் தெரியாது எனக்கு. அதெல்லாம் தங்கை வேலை. அந்த நேரத்தில் நான் பேப்பர் வாங்கக் கிளம்பிவிடுவேன்.

டிசம்பர் 20

சமையலறைக் குழாயில் அரைக்குளியல். கெண்டையிடம் நான் பனிப்புயலில் ட்ராம் ஓட்டிய கதையைச் சொன்னேன். மூன்றாம் மாடி உயரப் பனி, முன்னால் தள்ளிக்கொண்டே போனேன், பின்னால் ஊரே கைதட்டியது. கடைசி வரை வாயைத் திறந்தபடி கேட்டது. இந்த வீட்டில் வெகுநாளாக யாரும் அப்படிக் கேட்டதில்லை.

டிசம்பர் 21, சனி

சுற்றுலா நடுவில் டென்மார்க்கைச் சேர்ந்த பிர்கித்தே அம்மாளுக்கு அவசரம். பக்கத்துக் கடைகள் பூட்டியிருந்தன. என் வீடு அந்தத் தெருவில்தான். மாடிக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார்: "உங்க தொட்டியில ஒருத்தர் இருக்காரு."

எல்லாரும் ஏறி வந்தார்கள். என் குளியலறையில் இத்தனை மனிதர்கள். வெட்கத்தோடு வெட்கமாய் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

"ஆத்துல வெள்ளம் வந்தப்ப நான்தான் காப்பாத்தினேன்" என்று ஆரம்பித்தேன். அலை எல்லாம் போட்டேன்.

"எப்ப சாப்பிடப் போறீங்க?" என்றார் பிர்கித்தே.

அலை வடிந்துவிட்டது. "வழக்கப்படி, செவ்வாய்க்கிழமை விருந்துல" என்றேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வரிசையாக இறங்கிப் போனார்கள். இன்று கை குலுக்கல் இல்லை.

டிசம்பர் 22

யாகொதாவே கூப்பிட்டாள். பிர்கித்தே எழுதிவிட்டாராம்.

"மாமா, வீகன்களுக்கு ஊர் சுத்திக் காட்டறவர் வீட்டுல உயிரோட மீனா?"

"பழக்கம்மா. கை தானா வாங்கிருச்சு."

"அம்மா அதை அடிக்கிறப்ப நான் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். உங்களுக்குத் தெரியுமா?"

"நான் பேப்பர் வாங்கப் போயிருப்பேன்மா."

"தெரியும். ஒரு வருஷமும் பேப்பர் வீட்டுக்கு வந்ததில்ல."

வைத்துவிட்டாள். அப்படியானால் இரண்டு பேருமே ஓடித்தான் ஒளிந்திருக்கிறோம், ஆளுக்கொரு பக்கம். சொல்லியிருக்கலாமே. யார் யாரிடம்?

டிசம்பர் 24, செவ்வாய்

இந்த நாளின் சடங்குப்படி மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பினேன். மூன்று தட்டு: எனக்கு ஒன்று, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று வழக்கப்படி ஒன்று, எதிர்பார்க்கிறவளுக்கு ஒன்று. மீன் தொட்டியிலேயே இருக்கிறது. இன்றிரவு மிருகங்கள் மனிதக் குரலில் பேசும் என்பார்கள். என்னைப் பற்றி அது என்ன சொல்லும் என்று தெரியும். அந்தப் பக்கமே போகவில்லை.

இருட்டும் நேரத்தில் மணி அடித்தது. யாகொதா. கையில் மூடி போட்ட பெரிய வாளி.

"மீன் எங்க?"

"முதல்ல சூப் குடிம்மா. அது எங்கயும் போயிடாது."

கோட்டைக் கழற்றாமல், நின்றபடியே குடித்தாள். "உப்பு கம்மி" என்றாள். அவள் அம்மாவும் இதைத்தான் சொல்வாள்.

ஊருக்கு வெளியே அவள் சிநேகிதியின் பண்ணை. கிழட்டு ஆடுகள், முட்டை நின்ற கோழிகள், ஒரு குளம். காரில் வாளி என் மடியில். போய்ச் சேருவதற்குள் என் கால்சட்டையில் பாதிக் குளம். விட்டோம். ஒரு சுழற்சி, அவ்வளவுதான். என்னை வாசலில் இறக்கிவிட்டு, "சிநேகிதி காத்திருப்பா" என்று திரும்பிப் போய்விட்டாள்.

மீனுக்காகத்தான் வந்திருக்கிறாள். மூன்று தட்டையும் கழுவி வைத்தேன்.

டிசம்பர் 25

குளித்தேன். தொட்டி இவ்வளவு பெரியதா?

ஜனவரி 12, ஞாயிறு

யாகொதா கிராகோவிலிருந்து முதல் ரயிலில் வந்தாள். "மீனைப் பாக்கணும். வர்றீங்களா?" என்று முந்தாநாளே கேட்டிருந்தாள்.

குளம் முழுக்க உறைந்துவிட்டது. பனிக்கட்டி, அதன் மேல் பனி. கரையில் நின்றோம். அவள் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். பனிப்புயல் ட்ராம் கதையைக் கேட்டாள். நான்காம் மாடிவரை பனியை ஏற்றினேன். "போன தடவ மூணாவது மாடிதானே" என்றாள்.

"ஒண்ணும் தெரியல மாமா."

"தெரியல."

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்து பாத்துடலாம்."

மார்ச் வரை பனி உருகாது, அதுவரை மீன் கண்ணிலேயே படாது என்றாள் பண்ணைச் சிநேகிதி. எங்கள் இருவர் காதிலும் விழவில்லை.