கண்ணாடிக்குள் ஐந்து குடம் தண்ணீர்

திண்டுக்கல்,
11.5.2003

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு,

அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீ வாங்கி வைத்துவிட்டுப் போன மீன்கள் எங்களைவிட நன்றாக இருக்கின்றன, அவற்றின் செடிகள் எல்லாரையும்விட நன்றாக இருக்கின்றன. நீயும் மஸ்கட்டில் அந்தச் செடிகள் அளவுக்காவது செழிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. போன வாரம் போனில் மீன் தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாய், நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் தொட்டியைச் சுற்றி நடந்ததையெல்லாம் நீ கூப்பிடுகிற அந்த பூத்தில் நின்று சொல்ல முடியாது, என் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள், அதில் இரண்டு பேர் என்மேல் போட்ட மனுவில் கையெழுத்து வைத்தவர்கள். பயப்படாதே, முழுக்கப் படி.

அப்பாவுக்கு பிரஷர், மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் குறையும் என்று சொல்லி லீவு முடிகிற வாரத்தில் இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டியை ஜன்னல் ஓரம் வைத்தாய். பிளாஸ்டிக் செடி வேண்டாம், உயிர்ச் செடிதான் மீனுக்கு நல்லது என்றாய். ஒரு தாள் நிறைய எழுதி காலண்டர் பக்கத்தில் ஒட்டினாய். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும், ட்யூப் லைட் எட்டு மணி நேரம் எரிய வேண்டும், அழுகின இலையை அன்றைக்கே கிள்ள வேண்டும். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில், அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வுமேனுக்கு மகளாகப் பிறந்த பிள்ளை எழுதிய சட்டம் இது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ இருப்பது கடலையே காய்ச்சிக் குடிக்கிற நாடு, நாங்கள் இருப்பது ஆற்றைக் காயவிட்டுவிட்டு மழைக்காகப் பூசை வைக்கிற ஊர்.

நான் விவசாயி மகன் அல்லவா, செடி வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இறங்கினேன். நாற்று நடுகிற மாதிரி ஒவ்வொன்றையும் கழுத்து மூடக் கல்லுக்குள் அமுக்கினேன். வேரும் தண்டும் சேருகிற இடம் வெளியே தெரிய வேண்டும், மூடினால் அழுகும் என்று உன் தாளில் ஏழாவது வரியில் இருக்கிறது, நான் ஆறாவது வரியோடு நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்தில் பாதிச் செடி கொழகொழத்தது. சரி, சத்து இல்லை என்று ஒரு கைப்பிடி ஆட்டுப் புழுக்கையைக் கல்லுக்கு அடியில் போட்டேன். மறுநாள் காலையில் தொட்டி முழுக்க டீ. நாலு மீன் மல்லாந்து மிதந்தது. உன் அம்மா வந்து எட்டிப் பார்த்து, ஏங்க, இதுல கொஞ்சம் சீனியும் போட்டா ஆபீசுக்கே ஊத்தலாம் என்றாள். பதினேழு வருஷம் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவனுக்குக் கிடைத்த மரியாதை.

அவ்வளவையும் கொட்டிக் கழுவி, பக்கத்துச் சந்து அடிபம்புத் தண்ணீரை நிரப்பினேன். அந்தத் தண்ணீர் உனக்குத் தெரியும், சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும், குடத்தில் வெள்ளையாகப் படியும். தோல் பதனிட்ட உப்பையும் மருந்தையும் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் விட்டவர்கள் லாரி லாரியாக நல்ல தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள், விட்டதைக் குடிக்க நாம் இருக்கிறோம். மீன் எப்படியோ சமாளித்தது, நம்மைப் போல. செடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. இலையெல்லாம் கண்ணாடி மாதிரி வெளுத்து, ஓட்டை விழுந்து, தொட்டால் கையோடு வந்தது. நாகல் நகரில் உனக்குத் தொட்டி விற்ற ரஃபியிடம் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் பார்த்ததும் சிரித்துவிட்டான். அண்ணே, போர் தண்ணியா, இந்தத் தண்ணியில மனுசன்தாண்ணே பொழைப்பான், செடி பொழைக்காது, கொழாயில வர்ற ஆத்தூர் டேம் தண்ணிய ஊத்துங்க, ஒரு நாள் வாளியில தெறந்து வச்சு குளோரின் வாடை போனதும் ஊத்துங்க என்றான். இதைச் சொல்லிவிட்டு, ஊருக்கே தெறந்துவிடுற ஆளுக்கு நான் சொல்லணுமா என்று ஒரு போடு வேறு போட்டான்.

மொத்தத் தொட்டிக்கு ஐந்து குடம் வேண்டும். குடிக்கிற குடத்தில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். எப்படியோ நிரப்பினேன், எப்படி என்று பின்னால் சொல்கிறேன். இந்த முறை உன் தாளை இருபத்திரண்டு வரியும் படித்தேன். கழுத்து வெளியே தெரிய நட்டேன். ஜன்னல் வெயில் விழுந்து கண்ணாடியில் பாசி பிடித்ததால் பகலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன், லைட்டை மணி பார்த்துப் போட்டேன், தீனியைப் பாதியாக்கினேன். பதினைந்தாம் நாள் நாடா மாதிரி இலை உள்ள செடி பக்கத்தில் ஒரு குட்டி விட்டது. கல்லுக்கு மேல் ஓடி வந்து அது தனியாக வேர் பிடித்ததைப் பார்த்தபோது, சொன்னால் சிரிப்பாய், நான் உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் செத்த நேரம் நின்று பார்த்தாள். பிரஷர் குறைந்ததா என்று தெரியாது, பார்க்கிற டாக்டருக்கு லீவு.

குறைந்த பிரஷர் ஏற வேண்டும் அல்லவா, எதிர் வீட்டுப் பேச்சாயி வந்தாள். தண்ணீர் வந்து பதினான்காவது நாள். ஏண்ணே, எப்பத்தான் தெறப்பீக என்று கேட்க வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சாக்கை எடுத்துவிட்டு லைட்டைப் போட்டிருந்தேன், பச்சைப் பசேலென்று செடி ஆடுகிறது, நடுவில் மீன்கள். தெருவே கேட்கிற மாதிரி, ஏலே இங்க வந்து பாருங்கடி, நம்ம வீட்டுல கொடம் கவுந்து கெடக்கு, இவுக வீட்டுல மீனு குளிக்குது என்று கத்தினாள். பத்து நிமிஷத்தில் ஜன்னலில் இருபது தலை. கண்காட்சிக்கு டிக்கெட் போட்டிருக்கலாம். ஒருத்தி, நல்லா கொழுகொழுன்னு இருக்குடி, போன ஜென்மத்துல என்ன புண்ணியம் பண்ணுச்சோ என்றாள். இன்னொருத்தி, அடுத்த ஜென்மத்துல எனக்கு மஸ்கட்டும் வேணாம் மண்ணும் வேணாம், வால்வுமேன் வீட்டுல மீனாப் பொறந்தாப் போதும் என்றாள். உன் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேள். இந்த வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு மெயின் குழாயிலிருந்தே தனி லைன் போகிறது, அதற்கு வால்வும் கிடையாது முறையும் கிடையாது. அவர் வீட்டுப் புல்தரை மே மாதத்தில்கூடப் பச்சையாக இருக்கிறது. அந்த ஜன்னலை எட்டிப் பார்த்து யாரும் கத்தியது இல்லை, அங்கே கேட் இருக்கிறது, கேட்டுக்குள் நாய் இருக்கிறது. நம் வீட்டில் இருப்பது ஒரு சாக்குப் படுதா. இதையெல்லாம் அன்றைக்குத் தெருவில் நின்று பேசியிருப்பேன், பேச முடியாதபடி ஒரு காரியம் என்னிடமே இருந்தது. மறு வாரம் அதுவே மனுவாக வந்தது. பின்தெருவில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறாரே கண்ணுசாமி, அவர் எழுதியது. மார்ச் மாதத்தில் இரண்டு முறை முன்தெருவுக்கு நாற்பது நிமிஷத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடப்பட்டது, அதனால் கடைசியில் இருக்கும் எங்களுக்குக் குழாயில் காற்று மட்டும் வந்தது, விசாரிக்கவும் என்று வாட்சைப் பார்த்து நேரம் குறித்து எழுதியிருந்தார்.

அது உண்மை ஜெஸ்ஸி. இரண்டு முறையும் நான்தான் விட்டேன். டீயான தொட்டியைக் கழுவ ஒருமுறை, மறுபடி நிரப்ப ஒருமுறை. வால்வை மூடக் குனிந்தவன், அம்மா நம் வீட்டுக் குடம் பிடித்து முடிக்கட்டும், பிறகு தொட்டிக்கும் பிடிக்கட்டும் என்று நிமிர்ந்து பீடி பற்ற வைத்தேன். முன்தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை, கூடுதலாகத் தண்ணீர் வந்தால் ஏன் வந்தது என்று இந்த ஊரில் எவனும் கேட்டதில்லை.

மெமோ கொடுத்தார்கள். என்ஜினியர் விசாரிக்க வீட்டுக்கே வந்தார். தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் விசாரித்தார், செடியை. எங்க வீட்டுல ஒரு மாசம் நிக்க மாட்டேங்குது அருளப்பன், நீங்க என்ன பண்றீங்க என்றார். கழுத்தை மூடாதீர்கள் சார் என்றேன். ஒரு கை நிறையக் குட்டிச் செடி கிள்ளி கேரி பேக்கில் தண்ணீரோடு கொடுத்தேன், அரசாங்க விசாரணை முடிந்தது. போகும்போது, வால்வு ரிப்பேர், சரியா மூட முடியலன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க, நான் பாத்துக்கிறேன் என்றார். நல்ல மனுஷர். எழுதியும் விட்டேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிற வழியில் கண்ணுசாமி வண்டியைச் சும்மா நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். நானே போய், என்னய்யா கடை போடலையா என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, மாவு ஆட்டணும், அவிக்கணும், தட்டுக் கழுவணும், அஞ்சு கொடம் இருந்தா ஒரு நாள் கடை, இல்லாட்டி இல்ல, ஒங்க மீனு என்னப்பு சாப்புடுது, இட்லி சாப்புடுமா என்றார்.

அஞ்சு குடம் என்று அவர் சும்மாதான் சொன்னார், தொட்டி கொள்ளுவது எத்தனை குடம் என்று அவருக்குத் தெரியாது. நான் ஆபீசுக்குப் போய் மடித்த தாளைக் கிழித்துவிட்டு, நான்தான் விட்டேன், என் வீட்டு மீன் தொட்டிக்காக விட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் வாசித்துவிட்டு, யோவ் பைத்தியமா ஒனக்கு, ரிப்பேருன்னு எழுதச் சொன்னாரே என்றார். என்ஜினியருக்குக் கோபம், செடி கொடுத்த நன்றிகூட இல்லை. அன்றைக்கே வால்வு சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். நேர்மையான நிர்வாகம் என்று கவுன்சிலர் டீக்கடையில் பேசினாராம், பேசியவர் வீட்டுப் புல்லுக்கு அந்த நேரம் ஓஸ் பைப்பில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த வால்வுமேன் அவருக்குச் சொந்தம், பின்தெருவுக்கு இப்போது கால் மணி நேரம்தான். கண்ணுசாமி ஸ்டோர் வாசலுக்கே வந்து, யோவ் அருளப்பா, மனுப் போட்டது நீ திருந்தணும்னுய்யா, நீ போகணும்னா போட்டேன் என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். ரஃபி ஒரு நாள் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, அண்ணே, செடி இம்புட்டு நல்லாப் புடிச்ச பெறகு அழுக்க அதே தின்னுரும், மீனும் கொஞ்சந்தான், மாசத்துக்கு ஒரு கொடம் மாத்துனாப் போதும் என்றான். இதை மார்ச்சில் சொல்லியிருக்கக் கூடாதா பாவி. உன் தாளில் அந்த வரியை மட்டும் திருத்திவிட்டேன்.

இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை பெரிய அதிகாரி முன்னால் விசாரணை. என் திருட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன், அதனால் இனி அடுத்தவன் திருட்டைச் சொல்ல என் வாய்க்குப் பூட்டு இல்லை. பதினேழு வருஷமாக இந்த வார்டில் எந்த இடத்தில் எந்தக் குழாய் கிளை பிரிகிறது என்று எனக்குத் தெரியும், கவுன்சிலர் வீட்டு லைன் எங்கே தோண்டினால் தெரியும் என்று படம் போட்டு வைத்திருக்கிறேன், கொடுக்கப் போகிறேன். கண்ணுசாமி சாட்சிக்கு வருகிறார். பேச்சாயி, நான் இல்லாம என்ன வெசாரணை என்று தானாகவே கிளம்பி நிற்கிறாள். இதில் தோண்டுவார்கள், அல்லது என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள், இரண்டாவதுதான் சுலபமான வேலை. உன் ஆஸ்பத்திரியில் யாரோ எம்.எல்.ஏ.வுக்கு உறவு என்று சொன்னாயே, அவரிடம் தயவு செய்து வாயைத் திறக்காதே. சிபாரிசில் தப்பித்தால் நானும் ஒரு தனி லைன் போட்டவன் ஆகிவிடுவேன்.

நீ இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்காதே, லீவு கேட்டு வாங்கு, கேட்காதவனுக்கு எந்த ஊரிலும் கொடுக்க மாட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, வெஞ்சனம் இல்லாமல் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. மாதா உன் கூடவே இருந்து, குறையில்லாமல் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மறந்துவிடாதே. சாவி போனது உன் அம்மாவுக்குத் தெரியும், படம் போட்டு வைத்திருப்பது தெரியாது. அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் போன் செய்யாதே, உன்னிடம் அவள் கேட்டால் உனக்குப் பொய் சொல்ல வராது, அந்தக் கெட்ட பழக்கம் என்னிடமிருந்து வந்தது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
அ. அருளப்பன்